சட்டம், விதி, அலுவலகக் குறிப்பு: எதை நம்பி விண்ணப்பிப்பது?

வாசகர் கேள்வி: கருவிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் ஓராண்டாகப் பணிபுரிகிறேன். அமெரிக்காவில் தாக்கல் செய்யும் விண்ணப்பங்களைத் தயாரிப்பது என் பொறுப்பு. 2012-இல் தொடங்கிய ஒரு விண்ணப்பக் குடும்பத்தில் இப்போது புதிய கிளெய்ம்களுடன் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகங்களுடன்) தொடர் விண்ணப்பம் ஒன்றை, அதாவது முந்தைய விண்ணப்பத்தின் தேதியையே உரிமை கொண்டாடும் விண்ணப்பத்தை, தாக்கல் செய்ய இருக்கிறோம். அதற்கான படிவத்தில் 2013 மார்ச் 16 என்ற தேதியைக் குறிப்பிடும் கட்டம் ஒன்று இருக்கிறது. "அதெல்லாம் சம்பிரதாயம், காலியாக விடுங்கள்" என்கிறார் மூத்தவர் ஒருவர். வேறொரு பொருளை, விண்ணப்பிப்பதற்கு ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு முன்பே, ரகசிய ஒப்பந்தத்தின் பேரில் ஒரு வாடிக்கையாளருக்கு விற்றிருக்கிறோம். அந்த விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. ரகசிய விற்பனையால் பாதகம் இல்லை என்று காப்புரிமை அலுவலகமே சொல்லிவிட்டதாக எங்கள் கோப்பில் 2013-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று இருக்கிறது. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம் என்றால், அலுவலகம் இத்தனை விதிகளையும் குறிப்புகளையும் எந்த அதிகாரத்தில் எழுதுகிறது? இவற்றில் எது நம்மைக் கட்டுப்படுத்தும்? வரைவு விதிகளுக்கு நம்மைப் போன்றவர்கள் கருத்து அனுப்பினால் யாராவது படிப்பார்களா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ரகசிய விற்பனை பற்றிய செய்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அவசரமானது அதுதான். கோப்பில் இருக்கும் 2013-ஆம் ஆண்டுக் குறிப்பை நம்பி அந்த விண்ணப்பத்தில் இனி ஒரு அடியும் எடுத்து வைக்க வேண்டாம். அந்தக் குறிப்பை எழுதியவர் தவறாக எழுதிவிடவில்லை. அவர் எழுதிய நாளில் அமெரிக்கக் காப்புரிமை மற்றும் வணிகச்சின்ன அலுவலகம் 2011-இல் வந்த புதிய காப்புரிமைச் சட்டத்தை உண்மையிலேயே அப்படித்தான் பொருள்கொண்டிருந்தது. ஆனால் 2019 ஜனவரி 22 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஹெல்சின் எதிர் தேவா வழக்கில், அந்தப் பொருள்கோளை ஏற்க முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டது. விற்கப்பட்டது என்ன என்ற விவரம் வெளியே தெரியாத விற்பனையும், விண்ணப்பத் தேதிக்கு ஓராண்டுக்கும் மேல் முந்தையதாக இருந்தால், காப்புரிமையைத் தடுத்துவிடும்.

உங்கள் இரண்டு சிக்கல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மனவருத்தமே ஏற்பட்டது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதியைச் சம்பிரதாயம் என்று உங்கள் அலுவலகம் ஒதுக்குகிறது. கட்டாயம் எதுவும் இல்லாத ஒரு வழிகாட்டுதலைச் சட்டம் என்று கோப்பில் பூட்டி வைத்திருக்கிறது. இது உங்கள் நிறுவனத்தில் மட்டும் நடப்பதல்ல. புதிய சட்டம் ஒன்று வந்ததும், அலுவலகத்திலிருந்து வரும் தாள்கள் எல்லாம் ஒரே தலைப்பு முத்திரையோடு வருவதால், எல்லாவற்றுக்கும் ஒரே எடை இருப்பதாக நினைத்துவிடுவது நம் தொழிலில் பரவலாகக் காணப்படும் பழக்கம்.

உங்கள் இரண்டு கேள்விகளும் பிறந்தது ஒரே நாளில் என்பதைச் சொன்னால் வேறுபாடு உடனே விளங்கும். 2013 பிப்ரவரி 14 அன்று, பெடரல் ரிஜிஸ்டர் என்னும் அமெரிக்க அரசிதழில் அந்த அலுவலகம் இரண்டு ஆவணங்களை அடுத்தடுத்து வெளியிட்டது. முதலாவது, முதலில் விண்ணப்பிக்கும் கண்டுபிடிப்பாளருக்கே உரிமை என்ற புதிய முறையைச் செயல்படுத்துவதற்கான இறுதி விதிகள். நீங்கள் பார்த்த கட்டம் இந்த விதிகளிலிருந்து வந்தது. இரண்டாவது, அதே புதிய முறையில் விண்ணப்பங்களை எப்படிப் பரிசோதிக்க வேண்டும் என்று பரிசோதகர்களுக்குச் சொல்லும் வழிகாட்டுதல். ரகசிய விற்பனை பற்றிய கருத்து இதில்தான் இருந்தது. இந்த வழிகாட்டுதலுக்குச் சட்டத்தின் வலு கிடையாது என்று அந்த ஆவணமே தன் வாயால் சொல்லிக்கொள்கிறது. அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போய், தமக்கு வேண்டிய பத்தியை மட்டும் நகலெடுத்துக்கொண்டவர்கள் பலர்.

இனி இந்த அலுவலகம் எந்த அதிகாரத்தில் எழுதுகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். 2011 செப்டம்பர் 16 அன்று அதிபர் ஒபாமா கையொப்பமிட்ட லீஹி-ஸ்மித் அமெரிக்கா இன்வென்ட்ஸ் சட்டம், 1952-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அந்நாட்டுக் காப்புரிமை முறையில் வந்த ஆகப் பெரிய மாற்றம். ஆனால் கையொப்பமான மறுநாள் காலையில் எல்லாம் மாறிவிடவில்லை. சட்டமே தன் பிரிவுகளுக்குத் தனித்தனியாக நாள் குறித்திருந்தது. சில பிரிவுகள் அன்றைக்கே நடைமுறைக்கு வந்தன. கட்டணங்களின் மீதான 15 சதவீதக் கூடுதல் 10 நாள் கழித்து, செப்டம்பர் 26 முதல் வசூலானது. வழங்கப்பட்ட காப்புரிமையை அலுவலகத்துக்குள்ளேயே எதிர்த்து வழக்காடும் இன்டர் பார்ட்டிஸ் ரிவ்யூ முறை ஓராண்டு கழித்து, 2012 செப்டம்பர் 16-இல் தொடங்கியது. முதலில் விண்ணப்பித்தவருக்கு உரிமை என்ற மாற்றம் 18 மாதம் கழித்து, 2013 மார்ச் 16-இல் வந்தது. இடைப்பட்ட காலம், அலுவலகம் விதி எழுதவும், படிவங்களை மாற்றவும், கணினியைத் திருத்தவும், ஆயிரக்கணக்கான பரிசோதகர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் தரப்பட்ட அவகாசம். அதைத் திட்டமிட்டுப் பயன்படுத்தினார்கள் என்றே சொல்வேன். வேலைகளை 60 நாளில் முடிய வேண்டியவை, 12 மாதத்தில் முடிய வேண்டியவை, 18 மாதத்தில் முடிய வேண்டியவை என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து, நாடு முழுவதும் பல நகரங்களில் கூட்டம் போட்டு வரைவுகளை விளக்கினார்கள்.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் அலுவலகத்தின் அதிகார எல்லை உங்களுக்குத் தெளிவாகும். 2007 ஆகஸ்ட்டில் இதே அலுவலகம், தொடர் விண்ணப்பங்களின் எண்ணிக்கையையும், ஒரு விண்ணப்பத்தில் சிறப்பு ஆவணம் இல்லாமல் இடம்பெறக்கூடிய கிளெய்ம்களின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. சுயேச்சையான, அதாவது வேறொரு கிளெய்மைச் சாராத, கிளெய்ம்கள் 5-ஐயோ, மொத்தக் கிளெய்ம்கள் 25-ஐயோ தாண்டினால், முன்னர் வெளிவந்த நுட்பங்களைத் தேடி ஆய்ந்து ஓர் ஆவணம் தர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 முதல் நடைமுறை என்றிருந்தது. அக்டோபர் 31 அன்று, அதாவது முந்தைய நாள், வர்ஜீனியாவின் கிழக்கு மாவட்ட கூட்டாட்சி நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சில வாரங்களில் பல அலுவலகங்கள் புதிய விதிக்கு ஏற்பத் தம் கோப்புகளையெல்லாம் திருத்தி முடித்திருந்தன. 2008 ஏப்ரலில் அந்த நீதிமன்றம், அலுவலகத்துக்குள் நடக்கும் நடவடிக்கைகளை ஒழுங்குபடுத்தவே அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு, விண்ணப்பதாரரின் உரிமையையே மாற்றும் விதிகளை எழுத அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 2009 அக்டோபரில், புதிதாகப் பொறுப்பேற்ற இயக்குநர் டேவிட் காப்போஸ் அந்த விதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் வேலையும் அவர் கையில்தான் வந்தது.

ஆகவே, அலுவலகம் எழுதும் எதையும் வாசிக்கும்போது, இதை எழுத இவர்களுக்குச் சட்டத்தின் எந்தப் பிரிவு அனுமதி தருகிறது என்று பாருங்கள். நடைமுறை விதிகளுக்குப் பொதுவான அனுமதி உண்டு. 2011-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மேலும் சில தனி அனுமதிகளைத் தந்தது: அலுவலகத்தில் நடக்கும் புதிய வழக்குகளுக்கு விதி எழுதலாம், கட்டணங்களைத் தாங்களே நிர்ணயிக்கலாம். இந்தப் பொருள்களில் விதி எழுதும்போது வரைவை அரசிதழில் வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, வந்த கருத்துகளுக்குப் பதிலும் சொல்லி, பிறகே இறுதி விதியை வெளியிட வேண்டும். அப்படி வந்த விதி, நீதிமன்றம் தள்ளும் வரையில் அல்லது அலுவலகமே மாற்றும் வரையில், உங்களையும் என்னையும் கட்டுப்படுத்தும். பரிசோதனைக் கையேடு, வழிகாட்டுதல், இயக்குநரின் சுற்றறிக்கை, இணையதளத்தில் உள்ள கேள்வி பதில் ஆகியவை அலுவலகம் தன் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொள்ளும் வார்த்தைகள். பரிசோதகர் அவற்றின்படிதான் நடப்பார் என்பதால் அன்றாட வேலைக்கு அவை மிகவும் பயன்படும். நானும் தினமும் பார்க்கிறேன். ஆனால் காப்புரிமை கைக்கு வந்த பிறகு எதிராளி நீதிமன்றத்துக்கு இழுக்கும் நாளில், பரிசோதகர் எதை நம்பி அனுமதித்தார் என்பது உங்களைக் காப்பாற்றாது.

சட்டத்தில் அச்சானதும் நடைமுறையில் கிடைப்பதும் வேறு வேறு நாளில் நிகழும் என்பதற்கு ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். மிகச் சிறிய விண்ணப்பதாரருக்கு, அதாவது மைக்ரோ என்டிட்டிக்கு, 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு என்று 2011-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. தனியாக ஆய்வு செய்யும் ஒருவர் அதைப் படித்துவிட்டு மறு மாதமே என்னிடம் வந்தார். ஆனால் சலுகை, அலுவலகம் தன் புதிய அதிகாரத்தின்படி நிர்ணயிக்கும் கட்டணங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று சட்டத்தின் வாசகம் கட்டிப்போட்டிருந்தது. அலுவலகம் அந்தக் கட்டணங்களை நிர்ணயித்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2013 மார்ச் 19-இல். பழைய சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கக் கடைசி நாள் மார்ச் 15. பழைய சட்டம்தான் தமக்குச் சாதகம் என்று நினைத்தவர்களுக்கு, அதுவரை இருந்த 50 சதவீதச் சலுகைதான் கிடைத்தது; நான்கு நாள் பொறுத்தால் கட்டணம் மேலும் குறையும், ஆனால் சட்டம் மாறிவிடும். அந்த மனிதர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு தேதிகளையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மார்ச் 15, வெள்ளிக்கிழமை இரவு அவருடைய விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தோம். இன்று அந்தச் சலுகை 2022 டிசம்பரில் வந்த இன்னொரு சட்டத்தால் 80 சதவீதமாகியிருக்கிறது; உங்கள் நிறுவனம் அந்த வகையில் வராது என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

இப்போது உங்கள் கட்டத்துக்கு வருவோம். அது கேட்பது இதுதான்: இந்த விண்ணப்பம் 2013 மார்ச் 16-க்கு முந்தைய ஒரு விண்ணப்பத்தின் தேதியை உரிமை கொண்டாடுகிறதா, அப்படியிருந்தும், அந்த நாளிலோ அதன் பின்னரோதான் தேதி பெறக்கூடிய கிளெய்ம் ஒன்றாவது இதில் இருக்கிறதா, அல்லது எப்போதாவது இருந்ததா? கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். எப்போதாவது இருந்திருந்தால் போதும். அப்படி ஒரே ஒரு கிளெய்ம் விண்ணப்பத்துக்குள் முறையாக இடம்பெற்றுவிட்டால், முழு விண்ணப்பமும், அதிலுள்ள எல்லாக் கிளெய்ம்களும், புதிய சட்டத்துக்குள் போய்விடும். பிறகு அந்தக் கிளெய்மை நீக்கினாலும் திரும்பி வர வழியில்லை. அதன் வழியில் பின்னால் போடும் தொடர் விண்ணப்பங்களும் அதே பாதையில்தான் போகும். இது அலுவலகத்தின் விருப்பத்தில் வந்ததன்று, சட்டத்தின் வாசகமே அப்படித்தான். அதைத் தெரியப்படுத்த வேண்டும் என்பதையும், தாக்கலிலிருந்து 4 மாதம், முந்தைய விண்ணப்பத்தின் தேதியிலிருந்து 16 மாதம் முதலிய கெடுக்களில் எது பிந்தியதோ அதற்குள் தெரியப்படுத்த வேண்டும் என்பதையும் மட்டும் விதி சேர்த்தது. உங்கள் முந்தைய விண்ணப்பம் 2012-ஐச் சேர்ந்தது என்பதால் 16 மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. பொதுவாக உங்களுக்கு மிஞ்சுவது 4 மாதம்.

எந்தச் சட்டத்தில் நிற்கிறோம் என்பதால் என்ன கெட்டுவிடும் என்று உங்கள் மூத்தவர் கேட்கலாம். பழைய சட்டத்தில், வேறொருவருடைய வெளியீடு உங்கள் விண்ணப்பத்துக்கு முந்தியிருந்தாலும், அதற்கும் முன்பே நீங்கள் கண்டுபிடித்துவிட்டதை ஆய்வுக் குறிப்பேட்டைக் கொண்டு நிறுவ, குறிப்பிட்ட எல்லைக்குள், வழி இருந்தது. புதிய சட்டத்தில் அந்த வழி இல்லை. பழைய சட்டத்தில் அமெரிக்காவுக்கு வெளியே நடந்த விற்பனையும் பயன்பாடும் கணக்கில் வராது. புதிய சட்டத்தில் உலகின் எந்த மூலையில் நடந்தாலும் வரும். காப்புரிமை வழங்கி 9 மாதத்துக்குள் எவரும் பல காரணங்களைக் காட்டி எதிர்க்கும் போஸ்ட் கிராண்ட் ரிவ்யூ என்ற நடவடிக்கையும் புதிய சட்டத்தின் கீழ் வரும் காப்புரிமைகளுக்கே உண்டு. உங்கள் குடும்பத்தின் பெரும் மதிப்பு பழைய கிளெய்ம்களில் இருக்குமானால், அவற்றை ஒரு புதிய கிளெய்முக்காகப் பலி கொடுத்துவிடக் கூடாது.

கட்டத்தைக் காலியாக விடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. எல்லாக் கிளெய்ம்களுக்கும் 2012-ஆம் ஆண்டு விவரணையில், அதாவது விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியில், முழு ஆதாரம் இருந்தால் காலியாக விடுவதே சரி. கிளெய்ம்களைப் படிக்காமலேயே விடச் சொல்வதுதான் தவறு. நான் செய்யும் முறை பழையது, ஆனால் இதுவரை கைவிட்டதில்லை. புதிய கிளெய்ம்களை அகலமான ஓரம் விட்டு அச்செடுத்துக்கொள்வேன். ஒவ்வொரு சொற்றொடருக்கும் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, அதற்கு ஆதாரமாக உள்ள பத்தியின் எண்ணை 2012-ஆம் ஆண்டு விவரணையில் தேடி ஓரத்தில் எழுதுவேன். ஒரு பம்பு தொடர்பான கோப்பில் 21 கிளெய்ம்களுக்கு இப்படிச் செய்தபோது, 20-க்கும் ஓரம் எண்களால் நிரம்பியது. 17-ஆவது கிளெய்மில், வேறொரு கிளெய்மைச் சார்ந்து மூன்றே வரியில் இருந்த சிறு கிளெய்ம் அது, "உறையின் வெப்பத்துக்கு ஏற்ப அழுத்தத்தைச் சரிசெய்யும்" என்ற சொற்றொடருக்கு எதிரே எழுத எதுவும் கிடைக்கவில்லை. 2012-இல் அந்தப் பம்பில் வெப்ப உணரியே கிடையாது. பொறியாளர் பின்னால் சேர்த்த மேம்பாடு, நல்ல எண்ணத்தில்தான் கிளெய்மிலும் நுழைத்திருந்தார். அந்த ஒரு கிளெய்மை வெளியே எடுத்து, அந்த மேம்பாட்டை மட்டும் தனி விண்ணப்பமாக அதே வாரம் தாக்கல் செய்தோம். மற்ற 20-ம் பழைய சட்டத்திலேயே நின்றன. நீங்களும் இதையே செய்யுங்கள், தாக்கலுக்கு முன்பே செய்யுங்கள். தாக்கலான பிறகு பரிசோதகரிடமிருந்து வரும் கடிதத்தின் தலைப்பிலேயே, இந்த விண்ணப்பம் புதிய முறையில் பரிசோதிக்கப்படுகிறதா இல்லையா என்று குறித்திருப்பார்கள். அதைத் தவறாமல் பார்த்து, உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். வேறுபட்டால் அப்போதே எழுதுங்கள்.

இந்தக் கட்டம் உங்கள் இன்னொரு கேள்விக்கும் விடை வைத்திருக்கிறது, கருத்து அனுப்பினால் யாராவது படிப்பார்களா என்ற கேள்விக்கு. 2012 ஜூலையில் வந்த வரைவு இப்போதுள்ளதைவிடக் கடுமையானது. புதிய கிளெய்ம் எதுவும் இல்லாவிட்டாலும், முந்தைய விண்ணப்பத்தில் இல்லாத எந்தப் பொருளாவது புதிய விவரணையில் எங்காவது இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும் என்றது அந்த வரைவு. அப்படியென்றால் கிளெய்ம்களை மட்டும் ஒப்பிட்டால் போதாது, நூறு பக்க விவரணை ஒவ்வொன்றையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். அதன் சுமையை எடுத்துச் சொல்லிக் கருத்துகள் போயின. 2013 பிப்ரவரியில் வந்த இறுதி விதியில் அந்தப் பகுதி இல்லை. இன்டர் பார்ட்டிஸ் ரிவ்யூ மனுவுக்கு வரைவு 50 பக்கம் என்றது, இறுதி விதி 60 ஆக்கியது. நிராகரிப்புக்குப் பின் பரிசோதனையைத் தொடரக் கோரும் மனுவின் கட்டணத்தை 930 டாலரிலிருந்து 1,700 டாலராக உயர்த்துவதாக 2012 பிப்ரவரியில் முன்மொழிந்தவர்கள், பொது விசாரணைக்கும் கருத்துகளுக்கும் பிறகு முதல் மனுவுக்கு 1,200, அதற்கடுத்தவற்றுக்கு 1,700 என்று முடித்தார்கள். ஆகவே படிக்கிறார்கள். படித்துப் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் முக்கியமான கருத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அதுவே விதியை நீதிமன்றத்தில் எதிர்க்கக் காரணமாகிவிடும்.

கருத்து அனுப்ப அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் "இந்த விதியை எதிர்க்கிறோம்" என்று ஒரு வரி எழுதுவதால் பயன் குறைவு. உங்கள் மேசையில் நடப்பதை எழுதுங்கள். இந்த விதி வந்தால் ஒரு கோப்புக்கு எத்தனை மணி நேரம் கூடும், எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று தெரியாமல் நிற்போம், இதற்குப் பதில் என்ன வாசகம் இருந்தால் அலுவலகத்துக்கும் தகவல் கிடைக்கும், நமக்கும் சுமை குறையும் என்று மாற்று வாசகத்தோடு எழுதினால், வரைவை எழுதும் அதிகாரிக்கு அது கைக்கு உதவும். பெரிய நிறுவனங்களும் வழக்கறிஞர் சங்கங்களும் கொள்கையைப் பற்றி எழுதிவிடுவார்கள். படிவம் நிரப்புகிறவருடைய சங்கடம் அவர்களுக்குத் தெரியாது. ஓராண்டு அனுபவம்தானே என்று தயங்க வேண்டாம். அந்தக் கட்டத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டவர் உங்கள் அலுவலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

முறையாகக் கருத்துக் கேட்டு வந்த விதியும் என்றென்றும் நிற்கும் என்பதில்லை. இன்டர் பார்ட்டிஸ் ரிவ்யூவில் எதிர்ப்புக்குள்ளான கிளெய்ம்களில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு விசாரிக்கலாம் என்று அலுவலகம் விதி எழுதியிருந்தது. 2018 ஏப்ரல் 24 அன்று சாஸ் இன்ஸ்டிட்யூட் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனுவில் உள்ள எல்லாக் கிளெய்ம்களுக்கும் முடிவு சொல்ல வேண்டும் என்பதே சட்டத்தின் வாசகம் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இரண்டே நாளில் அலுவலகம் புதிய நடைமுறையை அறிவித்தது. மாறாக, கிளெய்ம்களுக்கு நியாயமான அளவில் ஆக விரிந்த பொருளை எடுத்துக்கொள்ளும் விதியை, 2016-இல் குவோசோ வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் 2018-இல் அலுவலகமே அந்த விதியை மாற்றி, நீதிமன்றங்கள் பின்பற்றும் அளவுகோலுக்கு வந்துவிட்டது. சுற்றறிக்கைகளின் ஆயுளோ இன்னும் குறைவு. நீதிமன்றத்தில் இணையாக வழக்கு நடக்கும்போது இன்டர் பார்ட்டிஸ் ரிவ்யூ மனுவை எப்போது மறுக்கலாம் என்று 2022 ஜூனில் இயக்குநர் கொடுத்த சுற்றறிக்கை 2025 பிப்ரவரி 28 அன்று திரும்பப் பெறப்பட்டது. அதற்குக் கருத்துக் கேட்பு எதுவும் தேவைப்படவில்லை.

இதோடு இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லாத இடத்தில் அரசுத் துறையின் நியாயமான பொருள்கோளை நீதிமன்றம் மதிக்க வேண்டும் என்று 1984 முதல் இருந்துவந்த செவ்ரான் கோட்பாட்டை, 2024 ஜூன் 28 அன்று லோப்பர் பிரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. குவோசோ தீர்ப்பும் அந்தக் கோட்பாட்டின் துணையோடு எழுதப்பட்டதுதான். எனவே, அலுவலகம் இப்படித்தான் பொருள்கொள்கிறது என்பதை மட்டும் ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்ட எந்தக் கருத்துரையையும் இனி முன்னைவிடக் கவனமாகக் கையாள வேண்டும்.

மீண்டும் உங்கள் ரகசிய விற்பனைக்கு. ஹெல்சின் வழக்கின் கதையும் ஏறத்தாழ உங்களுடையதைப் போன்றதே. அந்நிறுவனம் 2001-இல் ஒரு மருந்தை விநியோகிக்கும் ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தம் நடந்தது வெளியே தெரியும், 0.25 மில்லிகிராம் என்ற அளவு மட்டும் ரகசியம். விண்ணப்பம் போட்டது 2003 ஜனவரியில். புதிய சட்டத்தில் "பொதுமக்களுக்கு வேறு வகையில் கிடைக்கும்படி" என்ற சொற்கள் சேர்ந்திருப்பதால், விற்பனையும் பகிரங்கமானதாக இருந்தால்தான் தடை என்பது அலுவலகத்தின் வாதம். 2016-இல் மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்றது, 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. பல்லாண்டாக ஒரே பொருளில் வழங்கிவரும் "விற்பனையில்" என்ற சொல்லைப் புதிய சட்டம் அப்படியே எடுத்தாண்டிருக்கும்போது, பக்கத்தில் சேர்த்த நாலு சொற்களால் அதன் பழைய பொருள் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 2013 முதல் 2019 வரை ஏறத்தாழ 6 ஆண்டுகள், வழிகாட்டுதலை மட்டும் நம்பி விற்றுவிட்டு நிதானமாக விண்ணப்பித்தவர்களுக்கு ஈடுசெய்ய எவரும் இல்லை.

உங்கள் விஷயத்தில் முடிவு தேதிகளைப் பொறுத்தது. ஒப்பந்தம் கையொப்பமான நாள் எது, விலை சொல்லி விற்க முன்வந்த முதல் கடிதத்தின் நாள் எது, அந்த நாளில் கருவி செய்து முடிக்கப்பட்டிருந்ததா அல்லது அதைச் செய்யும் அளவுக்கு வரைபடங்கள் தயாராக இருந்தனவா என்று பாருங்கள். விற்க முன்வந்ததும், காப்புரிமைக்குத் தயாராக இருந்ததும் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் தடை என்பது 1998-இல் பாஃப் வழக்கில் வந்த தீர்ப்பு. அதை எந்த நாட்டில் விற்றீர்கள் என்பது புதிய சட்டத்தில் உதவாது. விற்றது கிளெய்மில் உள்ள அதே கருவியா, அல்லது விண்ணப்பத்தில் பின்னர் வந்த மேம்பாடும் இருக்கிறதா என்றும் பொறியாளரிடம் கேளுங்கள்; மேம்பாட்டுக்கு மட்டும் கிளெய்ம்களைச் சுருக்கிக் காப்பாற்ற இடம் இருக்கலாம், ஆனால் விற்ற கருவியைப் பார்த்து எளிதில் செய்துவிடக்கூடிய மேம்பாடாக அது இருக்கக் கூடாது. இந்த விற்பனையைப் பரிசோதகருக்குத் தெரிவிக்கும் கடமையும் இருக்கிறது. அது கண்டுபிடிப்பாளரோடும் வழக்கறிஞரோடும் நின்றுவிடுவதில்லை. விண்ணப்பத் தயாரிப்பில் பொருட்படுத்தத்தக்க பங்கு உள்ள எல்லோரையும் சேரும் என்பதால் உங்களையும் சேரும். இவ்வளவு தெரிந்த பிறகு நீங்கள் சும்மா இருக்க முடியாது.

2013-ஆம் ஆண்டுக் குறிப்பைக் கோப்பிலிருந்து அகற்ற வேண்டாம். எதை நம்பி முடிவெடுத்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அதன் தலைப்பில் இன்றைய தேதியிட்டு, "பரிசோதனை வழிகாட்டுதல் மட்டுமே, ஹெல்சின் தீர்ப்புக்குப் பின் செல்லாது" என்று எழுதி, ஒப்பந்தத்தின் நகலையும் முதல் விலைக் கடிதத்தையும் இணைத்து, விண்ணப்பத்தைக் கையாளும் அமெரிக்க வழக்கறிஞருக்கு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். தொடர் விண்ணப்பத்தின் கிளெய்ம்களை அச்செடுத்து ஓரத்தில் பத்தி எண் எழுதும் வேலையை உங்கள் மூத்தவரோடு சேர்ந்தே செய்யுங்கள். 2012-ஆம் ஆண்டு விவரணையை அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், எந்தச் சொற்றொடருக்கு எதிரே ஓரம் காலியாக நிற்கிறது என்பதை அவரே கண்டு சொல்வார்.